பந்தியில் தெரியும் குணம்



இந்த நினைவுச் சொற்பொழிவு மேடையில் பஞ்சமி நிலம் பற்றிப் பேசியிருக்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி, பறை பற்றி, ஆணவக் கொலைகள் பற்றிப் பேசியிருக்கிறோம். இந்த வருடம் அழைப்பிதழில் 'கிறிஸ்தவ வாழ்வில் தேவ குணம்' என்று அச்சாகி வந்ததும் சில தோழர்கள் போன் போட்டுக் கேட்டார்கள், "என்ன தோழர், எழுப்புதல் கூட்டமா நடத்தப் போறீங்க?" நியாயமான கேள்விதான். குணம், பரிசுத்தம், தாழ்மை என்ற சொற்களைக் கேட்டாலே நம்மில் பலருக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்பது எங்களுக்கும் தெரியும். அந்தச் சொற்கள் நம்மை நோக்கி எப்படி வீசப்பட்டன என்பதும் தெரியும்.

ஆனால் இது வாத்தியார் விட்டுச் சென்ற தலைப்பு. அவருடைய கடைசி நோட்டில் இந்தத் தலைப்பும் அதன் கீழ் அரைப் பக்கமும் இருக்கிறது. மீதியை எழுத அவருக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. அந்த அரைப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். அது ஒரு அசனத்தைப் பற்றியது.

நெல்லைச் சீமைச் சபைகளைத் தெரிந்தவர்களுக்கு அசனம் என்றால் விளக்கம் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம்: வருடத்துக்கு ஒரு முறை சபையார் எல்லோரும் அரிசி, பருப்பு, காசு என்று முடிந்ததைப் போட்டு, கோயில் வளாகத்தில் பொதுவாக உலை வைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. எங்கள் தெருவிலிருந்தும் அரிசி போகும். விறகு பிளப்பது, கோட்டை அடுப்பு வெட்டுவது, தண்ணீர் சுமந்து அண்டா வரைக்கும் கொண்டுபோவது எங்கள் ஆட்கள். அண்டாவைத் தொடுவது வேறு ஆட்கள். பந்தி என்று வரும்போது எங்கள் தெருவுக்குக் கடைசிப் பந்தி. அப்படி யாரும் எழுதி வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

வாத்தியார் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடம், போய் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. இலை போட்டுக்கொண்டு வந்தவர் அவரைத் தாண்டிப் போய் அடுத்தவருக்கு இலை போட்டார். சோறு வந்தவரும் தாண்டினார், குழம்பு வந்தவரும் தாண்டினார். வாத்தியார் எழுந்திருக்கவில்லை. வெறும் தரைக்கு முன்னால் சம்மணமிட்டு முதல் பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பந்தியிலும் அதே இடத்தில் இருந்தார். மூன்றாம் பந்திக்கு ஐயரம்மா தானே ஒரு இலையைக் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்தார். (எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம். மற்றப் பக்கத்து மாணவர்கள் குழம்ப வேண்டாம்.)

அடுத்த மாதம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போட வேண்டும். குருவானவரிடமிருந்து ஒரு குணக் கடிதம் வேண்டும். கடிதம் கிடைத்தது. படிப்பில் கெட்டிக்காரன், ஆராதனைக்குத் தவறாமல் வருபவன் என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: தாழ்மையில் இன்னும் வளர வேண்டியவர். அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு சபைக் குருவானவரின் கடிதத்தோடு சேர்ந்தார். முதல் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அவர் வீட்டுக்குப் போன நம்மில் பலர் அதைப் பார்த்திருக்கிறோம்.

அந்தக் குருவானவர் கெட்டவர் அல்ல. எங்கள் தெருவில் காய்ச்சல் என்றால் சைக்கிளை மிதித்துக்கொண்டு மாத்திரையோடு வந்தவர் அவர்தான். வாத்தியாரே இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். நல்ல மனிதர் ஒருவர், நல்ல எண்ணத்தோடு, ஜெபித்துவிட்டு எழுதிய வரி அது. இன்று நாம் பேச வேண்டியது அந்த வரியைப் பற்றித்தான். இலை போடாமல் தாண்டிப் போனவர்களின் குணத்தைப் பற்றி எந்தக் கடிதமும் எழுதப்படவில்லை. இலைக்காகக் காத்திருந்தவனின் குணத்தில்தான் குறை தெரிந்தது. யாருடைய குணம் ஆராயப்படுகிறது, யாருடைய குணம் கேட்பாரில்லாமல் நல்ல குணமாகிவிடுகிறது? சமூகவியல் வகுப்பில் எத்தனையோ கோட்பாடு படித்தோம். இந்தக் கேள்வியை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது அந்தப் பிளாஸ்டிக் உறை.

ஓய்வுநாள் பள்ளியில் நம்மில் பாதிப் பேர் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்திருப்போம். ஆவியின் கனிகள் ஒன்பது. ஒப்பித்தால் சோப்பு டப்பா பரிசு. கலாத்தியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வருவது. தேவ குணம் என்று பிரசங்கம் செய்பவர்கள் எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள். நீடிய பொறுமை, சாந்தம், இச்சையடக்கம் என்று எடுத்துச் சொல்வார்கள். எங்கள் தெருவில் அந்தப் பட்டியல் எப்படிக் கேட்டது தெரியுமா? பண்ணையார் தன் வேலைக்காரனிடம் எதிர்பார்த்த அத்தனையும் அதில் இருந்தது.

அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எங்களுக்கு யாரும் மனப்பாடம் செய்யக் கொடுக்கவில்லை. அங்கே நடப்பது ஒரு பந்திச் சண்டை. அந்தியோகியா பட்டணத்தில் யூதரும் யூதரல்லாதவரும் சேர்ந்த சபை. பேதுரு அங்கே வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சேர்ந்த சிலர் வந்ததும் பயந்துபோய்ப் பந்தியை விட்டு ஒதுங்கிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் ஒதுங்கினார்கள். பவுலின் நெருங்கிய தோழர் பர்னபாவும் ஒதுங்கினார். அத்தனை பேர் முன்னிலையிலும் பவுல் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை, பெரியவராயிற்றே என்று பார்க்கவில்லை.

அந்தச் சண்டையைச் சொல்லி, அதற்கான காரணத்தை விளக்கிக்கொண்டே வந்துதான் கனிகளின் பட்டியலுக்குப் பவுல் வருகிறார். ஒரே நிருபம், ஒரே வழக்கு. பேதுருவுக்கு ஜெபம் குறைவா, விசுவாசம் குறைவா? ஊரிலிருந்து ஆள் வந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம், அவ்வளவுதான். நம் ஊர்களில் சாதி பாராத நல்லவர்கள் பலர் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததும் மாறிப்போவதை நாம் பார்த்ததில்லையா? அந்த வழுக்கலைத்தான் பவுல் குணத்தின் பிரச்சினையாகப் பார்க்கிறார். இரண்டாம் அதிகாரத்தை வெட்டி எடுத்துவிட்டு ஐந்தாம் அதிகாரத்தை மட்டும் கையில் கொடுத்தால் கனி இருக்கும், மரம் இருக்காது.

தமிழ்நாட்டுச் சபைகளுக்கு இது தெரியாமல் இல்லை. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, பிராமணரைப் போல வாழ்ந்து, உயர்த்திக்கொண்ட சாதியாருக்குச் சாதியை விடாமலே ஞானஸ்நானம் கொடுத்தார். ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பின்னால் பண்டாரசுவாமிகள் என்று தனிக் குருக்கள் ஏற்பட்டார்கள். சீர்திருத்தச் சபைகளில் 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பகுதியாகக் கோயிலையே பிரித்துக் கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பிரிவினைச் சுவரை இடித்ததற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். அங்கே நம்மவர்களுக்கு எந்தப் பக்கம் இடம் என்பது அந்த வழக்கின் கேள்வியே அல்ல என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இவற்றுக்கு நடுவில் மதுரை அமெரிக்க மிஷனில் நடந்த ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1847-இல் அந்த மிஷனார் தங்கள் உபதேசியார்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். அன்பின் விருந்து என்று பெயர். நீ சாதியை விட்டுவிட்டாய் என்பதற்கு அடையாளமாக, எல்லோரோடும் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். வசனம் தெரியுமா, ஜெபிக்கத் தெரியுமா என்ற கேள்விகள் அங்கே இல்லை. வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் பலர் அந்தச் சோற்றை உண்ண மறுத்து வேலையை விட்டுப் போனார்கள். பிரசங்கம் செய்வார்கள், நோயாளிக்கு ஜெபிப்பார்கள், சாட்சி சொல்வார்கள். கையை இலையில் வைக்க மட்டும் முடியவில்லை.

வெள்ளைக்கார மிஷனரிகளைத் தூக்கி வைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில் சமைத்துப் போட்டது பெரும்பாலும் நம்மவர்கள்தான். சேரிக் கைச் சோறு அவர்களுக்குப் பழகியிருந்தது, ஆனால் அந்த மேசையில் நம்மவர் உட்கார இடமிருக்கவில்லை. அதனால் அவர்கள் வைத்த சோதனை பொய்யாகிவிடாது. முழுமையாகவும் ஆகிவிடாது.

அது ஏன் முழுமை அல்ல என்று பாபாசாகேப் சொல்லிவிட்டார். 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில், சமபந்தி உண்பதால் மட்டும் சாதி ஒழியாது, மணஉறவு வேண்டும், அதற்கும் மேலே சாதியைப் புனிதமாக்கும் சாத்திரத்தின் மீதுள்ள நம்பிக்கை உடைய வேண்டும் என்று வாதிட்டார். வருடத்துக்கு ஒருநாள் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் பெண் பார்க்கும்போது சாதி கேட்கும் சபைகள் அவர் சொன்னதற்கு இன்றும் சாட்சி. திருமணத் தகவல் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள், கிறிஸ்தவர்களுக்கென்று வருபவற்றையே பாருங்கள். 'ஜெபிக்கிற மணமகள் தேவை' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லாகச் சாதியை எழுதுகிறார்கள்.

சாந்தகுணத்துக்கு வருவோம். எங்களுக்குப் போதிக்கப்பட்ட சாந்தம் என்றால் வாய் திறவாமல் இருப்பது. பூமியிலுள்ள எல்லாரிலும் சாந்தமானவர் என்று வேதம் யாரைச் சொல்கிறது? மோசேயை. பார்வோனுக்கு முன்னால் போய் நின்று என் ஜனத்தைப் போக விடு என்று கேட்ட மனிதனை. அந்தப் பெயர் அவருக்குக் கிடைத்த இடமும் கவனிக்கத்தக்கது. எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரம். எத்தியோப்பியப் பெண்ணை மணந்துகொண்டதற்காக உடன்பிறந்தவர்களே அவருக்கு விரோதமாகப் பேசிய இடம் அது. வெளியே மணம் செய்தவனைச் சொந்தங்கள் தூற்றும்போது, வேதம் அவனைச் சாந்தன் என்கிறது. ஐம்பது வருடம் கோயிலுக்குப் போய் வந்த ஒரு பெரியம்மா, எங்கள் படிப்பு வட்டத்தில் இந்த அதிகாரத்தை வாசித்ததும், "இத ஏன் ஐயா இத்தன நாளும் எங்களுக்குச் சொல்லல?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

பொறுமையும் அப்படித்தான். பிரதான ஆசாரியன் முன் விசாரணையில் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு பேசாமல் நின்றுவிடவில்லை. நான் சொன்னது தவறென்றால் நிரூபி, சரியென்றால் ஏன் அடித்தாய் என்ற பொருளில் கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, விட்டுவிடவும் இல்லை. மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே வாய்தான் இந்தக் கேள்வியையும் கேட்டது. முதல் பந்தி முடியும்வரை இலையில்லாமல் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் பொறுமைக்கு எங்களுக்குத் தெரிந்த முன்மாதிரி இதுதான்.

சமாதானம் பற்றி, களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வன்கொடுமை வழக்குப் பதிவான மறுநாளே சமாதானம் பேச ஆள் வந்துவிடும். கிறிஸ்தவக் கிராமமாக இருந்தால் வருகிற ஆள் கையில் வேதப்புத்தகமும் இருக்கும். மன்னிப்பு தேவ குணம் அல்லவா என்பார். 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். ஒரே கோயிலில், ஒரே சாவுப் பாதையில் சம இடம் கிடைக்காமல் போன பிறகு எழுந்த கோரிக்கை அது. கலவரமாயிற்று, வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இறந்த இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அந்த இரண்டு வீடுகளின் துக்கத்தையும் நாம் கணக்கில் எடுக்காவிட்டால் நாம் பேசுகிற எதற்கும் அர்த்தமில்லை. ஆனால் 'இதற்குத்தான் அமைதியாக இருந்திருக்கலாமே' என்று நம்மவர்களிடம் வந்து சொன்னவர்கள் உண்டே, அவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது. பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் பகிரங்கமாக அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் அதிகாரிகள் சத்தமில்லாமல் போய்விடுங்கள், சமாதானமாகப் போங்கள் என்று ஆளனுப்பினார்கள். பவுல் போகவில்லை. பகிரங்கமாக அடித்தவர்கள் இரகசியமாக அனுப்புவதா, அவர்களே நேரில் வரட்டும் என்றார். வந்தார்கள், கெஞ்சினார்கள். அதன் பிறகுதான் சிறையை விட்டு வெளியே போனார். எப்.ஐ.ஆர். நகல் கைக்கு வராமல் ஸ்டேஷனை விட்டு நகராத நம் தோழர்கள் இதை வாசித்துப் பார்க்கலாம்.

இனி, எங்களுக்கே கஷ்டமான இடம். உண்மை பேசுதல்.

1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டார்கள். 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். சாதி கல்லறைத் தோட்டம் வரைக்கும் கூடவே வருகிறது, சான்றிதழ் மட்டும் ஞானஸ்நானத் தொட்டியில் கரைந்துவிடுகிறது. இதன் விளைவு இந்த அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர். தாசில்தார் அலுவலகத்துக்குப் போகுமுன் சுவரில் இருக்கும் சிலுவையைக் கழற்றி வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரசங்க பீடத்திலும் இதையே வேறு சொல்லில் சொல்கிறார்கள். பேதுருவைப் போல மறுதலிக்கிறீர்கள் என்கிறார்கள்.

எங்களால் அந்தப் பிள்ளைகளைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. அது பொய்யே அல்ல என்று சொல்லிவிட்டு எளிதாகத் தப்பிக்கவும் முடியவில்லை. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் பெயரைச் சொல்லுமுன் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கணம் அவளை அரிக்கிறது. அவளோடு பேசியிருக்கிறோம், தெரியும். அவளை அந்த இடத்தில் நிறுத்தியவர்கள் இரண்டு பேர். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லும் சட்டம் ஒன்று. அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கல்லறையைப் பிரித்து வைத்திருக்கும் சபை இன்னொன்று. உண்மை பேசும் குணத்தை அவளிடம் கேட்பதற்கு முன், ஒவ்வொரு மறைமாவட்டமும் பேராயமும் தன் கல்லறைத் தோட்டங்களின் வரைபடத்தை வெளியிடட்டும். உயர் பதவிகளில் யார் யார் எத்தனை பேர் என்று வெளியிடட்டும். முதலில் யார் உண்மை பேச வேண்டும் என்பதிலும் ஒரு பந்தி வரிசை இருக்கிறது.

இவ்வளவும் அவர்களைப் பற்றிப் பேசியாயிற்று. கை தட்டினீர்கள். வாத்தியார் இருந்திருந்தால் இந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தபோது நம் வட்டாரங்களில் எவ்வளவு சண்டை! ஆரோக்கியம் என்ற புதிரை வண்ணார் பெண். கிறிஸ்தவப் பெண். அவள் வெளுத்துப் போட்டதும், சாவுக்கும் பிரசவத்துக்கும் ஓடியதும், வீட்டு வாசலில் நின்று சோறு வாங்கித் தின்றதும் யார் தெருவில்? நம் தெருவில். நமக்குள்ள அழுக்கை வெளியே சொல்லலாமா என்று கோபப்பட்டவர்களில் நாங்களும் உண்டு. 'நமக்கு இலை போடவில்லை' என்று பேசத் தெரிந்த நமக்கு, நாம் யாருக்கு இலை போடவில்லை என்ற கேள்வி கேட்கவில்லை. அருந்ததியர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, 'அவசர வேலை' என்று பந்திக்கு முன் கிளம்பி வந்த தோழர்களைத் தெரியும். பெயர் சொல்லவில்லை. நாங்களே ஒருமுறை அப்படி வந்திருக்கிறோம்.

வாத்தியார் தன் வீட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கூட்டம் முடிந்து பத்துப் பேரை நள்ளிரவில் வீட்டுக்குக் கூட்டி வருவார். நாம் எல்லோரும் அந்தக் கைச் சோறு தின்றவர்கள்தாம். அம்மா அடுப்பை மூட்டுவார், பரிமாறுவார், நாம் சாதி ஒழிப்புப் பேசுவோம். கடைசியில் பானையில் என்ன மிஞ்சியது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அந்த அரைப் பக்கத்தின் கடைசியில், பென்சிலில், இப்படிக் குறித்து வைத்திருக்கிறார்: நாற்பது வருடம் என் வீட்டில் கடைசிப் பந்தி அவளுக்கு. அதற்குமேல் எழுதவில்லை. அம்மா இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். இதைச் சொல்லலாமா என்று நேற்றே கேட்டோம். "சொல்லுங்க, அவுங்களே எழுதுனதுதானே" என்றார்கள். பிறகு, "கடைசி ரெண்டு வருஷம் அவுங்கதான் எனக்குத் தட்டு வச்சாங்க. குழம்புல உப்பு இருக்காது" என்று சிரித்தார்கள்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை அண்ணன், தியாப்பிலஸ் அப்பாவு, 'ஒரு உலை' என்று இதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். தனித்தனி வீட்டில் தனித்தனி உலை கொதிக்கும்வரை திருவிருந்து மேசையில் ஒரே அப்பம் என்று பேசுவது எப்படி என்பது அவர் கேள்வி. நாட்டுப்புற மெட்டில் அதைப் பாட்டாக்கி, பாமரர் வாயில் வைத்துவிட்டுப் போனார். உலையில் அரிசி போடுவது, ஊதி எரிய வைப்பது, கஞ்சி வடிப்பது, பரிமாறுவது, கழுவிக் கவிழ்ப்பது என்று எல்லாமே பகிர்ந்தால்தான் அது ஒரு உலை. ஆண்கள் சாப்பிட மட்டும் வந்தால் அதற்கு வேறு பெயர்.

எங்கள் ஊரில் அடுத்த மாதம் அசனம். கடைசிப் பந்தி வழக்கம் ஒருவழியாகப் போய்ப் பல வருடமாகிவிட்டது. சமையல் மட்டும் இன்னும் அதே கையில் இருந்தது. இந்த வருடம் சபைக் கமிட்டியில் இரண்டு கூட்டம் சண்டை போட்டு, மூன்று அண்டாவில் ஒன்றை எங்கள் தெருவுக்குக் கேட்டு வாங்கியிருக்கிறோம். மறுநாளே சில வீடுகள் இந்த வருடம் அசனத்துக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். பார்ப்போம். எங்கள் தெருவிலும் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: எங்களுக்கும் கீழே என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் நான்கு வீட்டுப் பெண்கள் அரிசி கழுவ வரலாமா என்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதற்காகத் தெருவில் கூடுகிறோம். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேரமுள்ள தோழர்கள் வாருங்கள். ஆண்கள் வெங்காயம் உரிக்க வர வேண்டும், கத்தி நாங்கள் தருகிறோம்.